பழைய முகவாதத்துக்கு லேசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகவாதம் வந்து மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகியும் முகம் முழுசாகத் திரும்பாதவர்களோடு பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்கிறேன். லேசர் கருவி என் அறையிலும் இருக்கிறது, சிலருக்கு வைக்கிறேன், பலரிடம் வேண்டாம் என்கிறேன். ஏன் இவருக்கு, ஏன் எனக்கில்லை என்று வரும் கேள்விகளைத்தான் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் முகத்தை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. முகவாதம்னா பக்கவாதம் தானே? மூளைல ஏதாவது ஆயிடுச்சா?

இல்லை. பக்கவாதத்தில் கோளாறு மூளையில். பெல்ஸ் பால்சி என்ற முகவாதத்தில் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காதுக்குள் இருக்கும் எலும்பு வழியாக முகத்துக்கு வரும் முகநரம்பு வீங்கி, எலும்புக்குள்ளேயே நசுங்கி, வேலையை நிறுத்திவிடுகிறது. மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் இது ஏழாவது. 1821-இல் இந்த நரம்பின் வேலையை விளக்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரைத்தான் நோய்க்கு வைத்திருக்கிறார்கள். அடிக்கிற பெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

வித்தியாசம் பெரும்பாலும் நெற்றியில் தெரிந்துவிடும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருவதால், பக்கவாதத்தில் வாய் கோணினாலும் புருவத்தை உயர்த்த முடியும். பெல்ஸ் பால்சியில் அந்தப் பக்க நெற்றியில் கோடே விழாது. ஆனால் இதை வைத்து வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம். முகம் திடீரென்று கோணினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

2. எத்தனை நாள் ஆனா "பழசு"ன்னு சொல்லுவாங்க? எனக்கு ரெண்டு மாசம்தான் ஆச்சு.

இரண்டு மாதம் பழசு இல்லை. டென்மார்க்கில் சிகிச்சையே தராமல் 2,500-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெல்ஸ் பால்சி வந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதோ ஓர் அசைவு தெரிய ஆரம்பித்தது. மீதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் கழித்து ஆரம்பித்தது. கடைசியில் சுமார் 71 சதவீதம் பேருக்கு முகம் பழையபடி ஆகிவிட்டது.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தானாகவே சரியாகும் வாய்ப்பு பெரியது. இன்னொன்று, நாலைந்து மாதம் ஆகியும் துளி அசைவுகூட இல்லை என்றால் அது பெல்ஸ் பால்சிதானா என்றே சந்தேகப்பட வேண்டும். மூன்று மாதத்தில் முழுசாகத் திரும்பாத யாரும் இந்தத் துறையில் பழகிய டாக்டரிடம் மறுபடி காட்டிக்கொள்வது நல்லது. ஒரு வருடம் தாண்டினால் நான் பழசு என்று சொல்வேன்.

3. லேசர்னா சுடுமா? வெட்டுவாங்களா?

இரண்டும் இல்லை. முடி எடுக்கும் லேசர், கண்ணுக்குச் செய்யும் லேசர் எல்லாம் திசுவைச் சுடவோ செதுக்கவோ செய்பவை. இது சக்தி குறைந்த லேசர். டார்ச் போல ஒரு முனையைத் தோலில் ஒட்டிப் பிடித்து, ஓர் இடத்தில் சில விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை வைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்த்துவோம். காதுமடலுக்குப் பின்னால் எலும்பு முடியும் பள்ளம், காதுக்கு முன்னால், அப்புறம் நரம்பு விசிறி போல விரியும் பாதையில் பொட்டு, கன்ன எலும்பு, கன்னம், தாடை விளிம்பு என்று ஏழெட்டு இடங்கள்.

ஒன்றும் தெரியாது. முனையின் குளிர்ச்சி, இடம் முடிந்ததும் கருவி போடும் பீப் சத்தம், அவ்வளவுதான். "ஆன் பண்ணிட்டீங்களா?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் எனக்கே பச்சை விளக்கைப் பார்த்துத்தான் உறுதி. சக்தி கூடிய லேசர் வேறு ரகம், அதை 11-ஆவது கேள்வியில் சொல்கிறேன்.

4. வெறும் வெளிச்சம் எப்படி நரம்பைச் சரி பண்ணும்? நம்பற மாதிரி இல்லையே.

நியாயமான சந்தேகம். 1960-களின் பிற்பகுதியில் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகு முடியை மழித்து, குறைந்த சக்தி லேசர் அடித்துப் பார்த்தார். அதனால் புற்றுநோய் வருமா என்பது அவருடைய கேள்வி. புற்றுநோய் வரவில்லை, ஆனால் லேசர் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. இந்தத் துறை இப்படித் தற்செயலாகத்தான் ஆரம்பித்தது.

இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி, சிவப்பு ஒளியையும் அருகாமை அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. அதனால் செல்லின் எரிபொருளான ஏடிபி கொஞ்சம் கூடுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, வீக்கம் குறைகிறது. எலிகளில் நசுக்கிய நரம்பு சற்று வேகமாக வளர்ந்ததாகவும் சோதனைகள் உண்டு. ஆக, வளர்ந்துகொண்டிருக்கும் நரம்புக்கு லேசர் தீனி போடலாம். எந்தத் தசைக்குப் போக வேண்டும் என்று வழி காட்டாது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள், கீழே பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

5. அந்த வெளிச்சம் உள்ள இருக்கிற நரம்பு வரைக்கும் போகுமா?

நல்ல கேள்வி, விற்பவர்கள் விரும்பாத கேள்வி. தோலில் விழும் ஒளியின் பெரும்பகுதி முதல் சில மில்லிமீட்டரிலேயே சிதறியும் உறிஞ்சப்பட்டும் தீர்ந்துபோகிறது. 800 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்பு, சிவப்பைவிட ஆழமாகப் போகும். அப்படியும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பெல்ஸ் பால்சியில் நரம்பு நசுங்குவது காதுக்கு உள்ளே, எலும்புக் குழாயின் மிகக் குறுகலான இடத்தில். அங்கே குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கன்னத்தில் வைக்கும் லேசர் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. எலும்பை விட்டு வெளியே வந்த பிறகு முகத்தில் பரவும் கிளைகளுக்கும் தசைகளுக்கும்தான் ஒளி போய்ச் சேரும். "அடிபட்ட இடத்திலேயே நேராகப் பாய்ச்சுகிறோம்" என்று யாராவது சொன்னால், முகநரம்பின் படத்தைக் காட்டி எந்த இடம் என்று கேளுங்கள்.

6. எனக்கு மூணு வருஷம் ஆச்சு. இப்போ லேசர் வச்சா பலன் இருக்குமா?

லேசரைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் முகம் தொய்ந்த முகமா, இறுகிய முகமா என்று பாருங்கள். பழைய முகவாதம் என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே நடந்திருப்பது நேரெதிர். ஒன்றில் நரம்பு தசைக்கு வந்து சேரவே இல்லை. இன்னொன்றில் வந்துவிட்டது, ஆனால் தப்பான தசைகளுக்கும் கிளை விட்டிருக்கிறது.

கண்ணாடி முன் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் முகத்தைச் சும்மா விட்டுப் பாருங்கள். தொய்ந்த முகத்தில் புருவம் இறங்கியிருக்கும், பாதித்த கண் மற்றதைவிட அகலமாகத் திறந்திருக்கும், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு வரும் கோடு மறைந்து கன்னம் வழுவழுவென்று தொங்கும். இறுகிய முகத்தில் எல்லாமே தலைகீழ்: பாதித்த கண் சிறுத்திருக்கும், மூக்கோரக் கோடு நல்ல பக்கத்தைவிட ஆழமாக இருக்கும், மோவாயில் சின்னச் சின்னக் குழி விழும், கழுத்தில் பட்டை பட்டையாகத் தசை எழும்பும். இவர்களில் சிலர் கோடு இல்லாத நல்ல பக்கத்தைக் காட்டி "இதுதான் சார் விழுந்துபோச்சு" என்பார்கள். பாவம், அவர்கள் கன்னத்துக்குச் செய்யும் பயிற்சியெல்லாம் தப்பான பக்கத்துக்குப் போகும்.

பெல்ஸ் பால்சி வந்து மூன்று வருடம் ஆனவர்களில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இறுகிய முகத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு நரம்பை வளர்க்க வேண்டிய தேவையே இல்லை. தேவைக்கு மேல் வளர்ந்ததுதான் பிரச்சினை. வலிக்கும் தசை விறைப்புக்குக் கொஞ்சம் இதம் கிடைக்கலாம் என்பதற்கு மேல் லேசரிடம் நான் எதிர்பார்க்க மாட்டேன். தொய்ந்த முகம் மூன்று வருடமாகத் தொய்ந்தே இருக்கிறது என்றால் தசை ஏற்கெனவே மெலிந்து நார்போல ஆகியிருக்கும். வெளிச்சம் அதை மீட்காது.

7. சிரிச்சா கண்ணு தானா மூடிக்குது. இது நரம்பு வீக்கா இருக்கிறதாலயா?

வீக் என்பதால் இல்லை, வயர் மாறியதால். முகநரம்பில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் அவை மீண்டும் வளரும்போது, வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணைச் சுற்றிய தசைக்குள்ளும் நுழைந்துவிடும். அப்புறம் வாய்க்கு உத்தரவு போட்டால் கண்ணும் சேர்ந்து கேட்கும். டாக்டர்கள் சின்கைனீசிஸ் என்பார்கள், நான் சேர்ந்திழுப்பு என்பேன்.

ஒருவர் என் எதிரே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டைக் குவித்ததும் இடக்கண் மெல்லச் சுருங்கி மூடியது. தண்ணீர் உள்ளே போனதும் கண் திறந்தது. "நான் மூடலைங்க" என்றார் சிரித்துக்கொண்டே, சிரித்ததும் மறுபடி மூடியது. சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட, சாப்பிடும்போது கண்ணில் நீர் கொட்டும். முதலைக் கண்ணீர் என்று அதற்கு வைத்தியப் புத்தகங்களிலேயே பெயர் உண்டு.

இதற்கு வேலை செய்பவை 15-ஆவது, 17-ஆவது கேள்விகளில் வருகின்றன. லேசர் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்பது 4-ஆவது பதிலின் கடைசியிலேயே இருக்கிறது.

8. ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்கன்னு போட்டிருக்கு. உண்மையா?

அரை உண்மை. 2014-இல் 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சக்தி கூடிய லேசர், ஒரு குழுவுக்குக் குறைந்த லேசர், ஒரு குழுவுக்குப் பயிற்சியும் மசாஜும் மட்டும் என்று ஆறு வாரம் பார்த்தார்கள். லேசர் குழுக்களுக்கும் பயிற்சியும் மசாஜும் உண்டு. லேசர் சேர்ந்த இரண்டு குழுவும் முந்தின. 2017-இல் 46 பேரிடம் செய்த இன்னொரு சோதனையிலும் பயிற்சியோடு லேசர் சேர்த்தவர்கள் முன்னேறினார்கள். இவற்றைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் சிறிய சோதனைகள். அதைவிட முக்கியம், இவை நோய் வந்த புதிதில் இருப்பவர்களைப் பற்றியவை. வருடக்கணக்கானவர்களைப் பற்றிக் கிடைப்பது பெரும்பாலும் ஒருவர், சிலர் என்று தனித்தனியாக எழுதிய அனுபவக் குறிப்புகள்.

நல்ல ஆதாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஸ்டீராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஸ்காட்லாந்தில் 551 பேரிடம், யாருக்கு எந்த மாத்திரை என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வந்த 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஆரம்பித்தவர்களில் ஒன்பது மாதத்தில் சுமார் 94 சதவீதம் பேர் முழுசாகத் தேறினார்கள். அது கிடைக்காதவர்களில் சுமார் 82 சதவீதம். பழைய முகவாதத்துக்கு லேசரைப் பற்றி இப்படி ஒரு சோதனையைக் காட்டுங்கள், நானே முதல் ஆளாக எல்லோருக்கும் வைக்கிறேன்.

9. எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குப் பத்தே தடவைல சரியாயிடுச்சே?

எத்தனையாவது வாரத்தில் ஆரம்பித்தார் என்று கேளுங்கள். மூன்றாவது வாரத்தில் என்றால், 2-ஆவது பதிலில் சொன்ன 71 சதவீதத்தில் அவரும் ஒருவராக இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. லேசர் வைத்தார், சரியாயிற்று. அதனால்தான் சரியாயிற்றா என்பது மட்டும்தான் தெரியாது.

10. எத்தனை தடவை வைக்கணும்? எப்போ போதும்னு நிறுத்தறது?

மேலே சொன்ன சோதனைகளில் வாரத்துக்கு மூன்று தடவை, ஆறு வாரம். நானும் அந்தக் கணக்கையே எல்லையாக வைத்துக்கொள்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், செல்போனில் ஒரு வீடியோ எடுங்கள்: சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்குவது, கண்ணை மெல்ல மூடுவது, இறுக்கி மூடுவது, பல் தெரியச் சிரிப்பது, உதட்டைக் குவிப்பது. ஆறு வாரம் கழித்து அதே மாதிரி மறுபடி. சிகிச்சை தருபவர் முகத்தை 100-க்கு மதிப்பெண் போடும் சன்னிப்ரூக் அளவையில் முன்னும் பின்னும் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டு, சம்பந்தமில்லாத ஒருவரிடம் எது முதலில் எடுத்தது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

"இன்னும் இருபது தடவை வச்சா கண்டிப்பா வரும்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். இந்த ஒளிக்கு ஓர் அளவு உண்டு. குறைந்தால் ஒன்றும் நடக்காது, கூடினால் பலன் குறையவே செய்யும், சில சமயம் எதிராகவும் போகும்.

11. ஹை பவர் லேசர் புதுசா வந்திருக்கே, அது இன்னும் நல்லதா?

லேசர்களைச் சக்தியை வைத்து வகுப்பு பிரிப்பார்கள்: அரை வாட்டுக்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பு, அதற்குக் கீழே 3பி வகுப்பு. சக்தி கூடினால் ஒரே நேரத்தில் அதிக ஒளி உள்ளே போகும் என்பது சரி. கூடவே சூடும் வரும். ஓர் இடத்தில் நிறுத்தி வைத்தால் தோல் புண்ணாகும் என்பதால் முனையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தோலின் நிறமியான மெலனின் ஒளியை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிச் சூடாகிவிடும். கருத்த தோல், தாடி, மச்சம், டாட்டூ உள்ள இடங்களில் அளவைக் குறைக்கத் தெரிந்தவர் கையில்தான் இந்தக் கருவி இருக்க வேண்டும். வெதுவெதுப்பு போய்ச் சுரீர் என்றால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

12. கண்ணு பக்கத்துல வைக்கிறாங்களே, பார்வைக்கு ஒண்ணும் ஆகாதா?

நேராகக் கண்ணுக்குள் போனால் விழித்திரை கருகும், அது திரும்ப வராது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூசாது, கண் தானாக மூடிக்கொள்ளாது. முகவாதக்காரருக்கோ இமையே சரியாக மூடாது. ஆகவே அந்தக் கருவியின் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி உங்களுக்கும் வேண்டும், வைப்பவருக்கும் வேண்டும். சாதாரண கறுப்புக் கண்ணாடி போதாது. கண்ணாடி தராத இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

உண்மையில் பார்வைக்குப் பெரிய ஆபத்து லேசரைவிட மூடாத இமைதான். இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் ஜெல், தூங்கும்போது இமையை மூடி ஒட்டும் டேப் என்று டாக்டர் சொன்னதை லேசருக்காக விட்டுவிடாதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ மங்கினாலோ அன்றே கண் டாக்டர்.

13. யாருக்கு வைக்கவே கூடாது?

வைக்கும் இடத்தில் புற்றுநோய் இருப்பவர்களுக்கு, இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு. பெல்ஸ் பால்சி ஒன்று, இரண்டு, மூன்று நாளுக்குள் முழு வேகத்துக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டே போனால், ஒரு கிளை மட்டும் செயலிழந்தால், காதுக்குக் கீழே கட்டி தென்பட்டால், ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால், காதோரச் சுரப்பியிலோ நரம்பிலோ கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். எடுக்காமல் அதன் மேல் லேசர் வைப்பது குருட்டு வேலை.

வெயில் பட்டால் தோல் சிவக்கும் என்று எச்சரித்துத் தரும் மருந்து எதையாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். கழுத்தில் தைராய்டு சுரப்பியின் மேலும், கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேலும் வைப்பதில்லை.

14. கரன்ட் வைக்கிறதும் இதுவும் ஒண்ணா?

இல்லை. கரன்ட் தசையை வெளியிலிருந்து உதறவைக்கும், லேசர் எதையும் அசைக்காது. கரன்ட் வைக்கும்போது கன்னம் துள்ளுவதால் "வேலை செய்யுது" என்று மனதுக்குத் திருப்தி வரும். அதனால்தான் பலருக்கு அதை விட மனசு வருவதில்லை. ஆனால் சேர்ந்திழுப்பு உள்ள முகத்தில் எல்லாத் தசையையும் ஒன்றாகத் துள்ளவிடுவது தப்பான பாடத்தையே மறுபடி மறுபடி படிக்கவைப்பது போல. இறுகிய முகத்துக்கு நான் கரன்ட் வைப்பதில்லை.

15. பலூன் ஊது, சூயிங்கம் மெல்லுன்னு சொன்னாங்க. லேசரோட அதையும் செய்யட்டுமா?

மெல்லும் தசைக்கு முகநரம்பே கிடையாது, அது வேறு நரம்பு. அதனால் சூயிங்கம் தாடைக்குத்தான் பயிற்சி. பலூன் ஊதும்போது முழு முகத்தையும் இறுக்குகிறோம், சேர்ந்திழுப்பு இன்னும் பலமாகும். கண்ணாடி முன் முழு பலத்தோடு 50 தடவை, 100 தடவை முகத்தைக் கோணுவதும் அப்படியே.

சரியான பயிற்சி பார்க்கச் சுவாரஸ்யமே இல்லாதது. முதலில் கன்னத்தை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் விரலால் பிடித்து மெல்ல இழுத்துத் தளர்த்த வேண்டும். அப்புறம் கண்ணாடி முன், கால்வாசிச் சிரிப்பு. அதற்கு மேல் கூடாது. கண் சுருங்க ஆரம்பிக்கும் புள்ளியில் நிறுத்தி, கண்ணை அகலமாக வைத்துக்கொண்டே உதட்டோரத்தை மட்டும் ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும். பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். பல வருடம் ஆனவர்களிடம்கூட மாதக்கணக்கில் இதனால் மாற்றம் வந்து பார்த்திருக்கிறேன். லேசர் வைக்கும் நாளில் செய்யலாம், தடையில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்.

16. சிவப்பு லைட் முகமூடி வாங்கி வீட்டுலயே போட்டுக்கலாமா?

அவை எல்இடி விளக்குகள், தோல் பளபளப்புக்காகச் செய்தவை. முகவாதத்துக்கு அவற்றிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கண் மூடாதவர் அதைப் போட்டுக்கொண்டு படுப்பது எனக்குப் பயம்.

17. ஏற்கெனவே முகம் முடங்கியிருக்கு, அதுல போடாக்ஸ் வேற போட்டா?

கேட்டதும் எல்லோரும் பின்வாங்குவது இயல்பு. ஆனால் இறுகிய முகத்தில் பிரச்சினை அதிகம் இழுக்கும் தசை. கண்ணைச் சுற்றி, மோவாயில், கழுத்துப் பட்டையில் தசையைத் தளர்த்தும் இந்த ஊசியை மிகச் சிறிய அளவில் போட்டால் தப்பாக இழுப்பவை அடங்கும். சிரிப்பைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த தசை விட்டுக்கொடுத்ததும் உதட்டோரம் மேலே ஏறுவதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. பலன் சுமார் மூன்று மாதம், அப்புறம் மறுபடி போட வேண்டும். அந்த மூன்று மாதம்தான் 15-ஆவது பதிலில் சொன்ன பயிற்சிக்கு நல்ல காலம். முகவாதத்தில் பழகிய கை போட வேண்டும், அழகுக்குப் போடும் கணக்கு இதற்கு ஒத்துவராது.

18. லேசர் வச்ச அப்புறம்தான் முகம் இறுக ஆரம்பிச்சது. லேசர்தான் கெடுத்துடுச்சா?

காலக் கணக்கைப் பாருங்கள். சேர்ந்திழுப்பு முதல் வாரங்களில் வராது, நரம்பு வளர்ந்து தசையைத் தொடும் நாலாம், ஐந்தாம் மாத வாக்கில்தான் தலைகாட்டும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கூடும். "இன்னும் சரியாகலையே" என்று ஆட்கள் லேசரைத் தேடிப்போவதும் அதே நாலாம், ஐந்தாம் மாதம்தான். இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் ஒன்றின் மேல் பழி. லேசர் வைக்காதவர்களுக்கும் இதே மாதத்தில்தான் இறுகுகிறது.

9-ஆவது பதிலில் லேசருக்குக் கிடைத்த புகழும் இப்படித்தான், இங்கே கிடைக்கும் பழியும் இப்படித்தான்.

19. காதுல கொப்புளம் வந்து அப்புறம் முகம் கோணிச்சு. எனக்கும் இதே பதில்தானா?

உங்களுடையது ராம்சே ஹன்ட் நோயாக இருக்கலாம். சின்னம்மைக் கிருமி நரம்பில் பல வருடம் உறங்கிக் கிடந்து மறுபடி எழுவது. 1907-இல் இதை விவரித்த மருத்துவரின் பெயர். பெல்ஸ் பால்சியைவிட இதில் நரம்புச் சேதம் அதிகம், முழுசாகத் திரும்புபவர்கள் குறைவு. அதனால் 2-ஆவது பதிலின் சதவீதங்களை உங்களுக்குப் பொருத்தாதீர்கள். புதிதாக வந்தால் அந்த வைரஸ் கிருமிக்கு எதிரான மருந்தும் ஸ்டீராய்டும் உடனே தேவை. பழசாகிவிட்டால் 6-ஆவது பதிலின் கண்ணாடிச் சோதனை உங்களுக்கும் அதேதான்.

20. வச்சுப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்? வந்தா லாபம், வராட்டிப் போகுது.

இறுகிய முகம் என்றால் நஷ்டம் பணமும் நேரமும்தான், வைத்துத்தான் பார்ப்பேன் என்றால் 10-ஆவது பதிலின் எல்லையோடு வைத்துப் பாருங்கள். தொய்ந்த முகம் என்றால் கதை வேறு. நரம்பு வராத தசை ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரைதான் காத்திருக்கும். அதற்குள் தசையில் மெல்லிய ஊசி வைத்து அதன் மின் அசைவைப் பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனை செய்து, நரம்பு வரும் அறிகுறி இல்லை என்று தெரிந்தால், மெல்லும் தசையின் நரம்புக் கிளையை எடுத்து முகநரம்போடு இணைக்கலாம், நல்ல பக்கத்திலிருந்து நரம்பு ஒட்டு கொண்டுவரலாம். சொந்தத் தசையே மறுபடி அசையும்.

இருபதாவது மாதத்தில் ஒரு பெண் வந்தார். மூன்று இடத்தில் மாற்றி மாற்றி லேசர், பை நிறையச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் "தொடரவும்" என்று எழுதியிருந்தது. ஈஎம்ஜி என்ற சொல்லை என்னிடம்தான் முதலில் கேட்டார். எடுத்துப் பார்த்தால் கன்னத்துத் தசையில் ஒரு அசைவும் இல்லை. நரம்பை இணைக்கும் காலம் போய்விட்டது என்று அறுவை மருத்துவர் சொல்லி, தொடையிலிருந்து தசையை நரம்போடும் ரத்தக் குழாயோடும் எடுத்துக் கன்னத்தில் வைக்கும் ஆபரேஷனுக்கு எழுதினார். 1970-களிலிருந்து செய்துவரும் நல்ல ஆபரேஷன்தான், ஆனால் பல மணி நேரம் பிடிக்கும், புதுத் தசை அசைய மாதங்கள் ஆகும். அவர் அந்தச் சீட்டுகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கி வைத்துவிட்டு, "எட்டாவது மாசம் வந்திருந்தா?" என்று கேட்டார்.

வந்திருந்தால் அன்றே ஈஎம்ஜிக்கு அனுப்பியிருப்பேன் என்றேன்.